பழைய மரம் அறுக்கும் மெஷின்: அடையாளம், பழுது, உதிரிபாகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, புனலூர் என்று மலைக்கு இருபுறமிருந்தும் மெஷின்கள் வருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் மர வியாபாரத்துக்குக் கேரளத்தோடு உள்ள அந்த எல்லைக் கோடு இன்றுவரை தெரியாது. வருகிறவர்கள் இரண்டு மொழிகளில் கேட்டாலும் கேள்விகள் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டிக்கர் போய்விட்டது, பெயரும் இல்லை. என்ன மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டிக்கர் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம் என்பதுதான் முதல் பதில். ஸ்டிக்கரும் மேல்மூடியும் கடையில் தனியாகக் கிடைக்கும் பொருள்கள்.

தென்மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் சாக்கில் கட்டிய மெஷினோடு வந்தார். "அண்ணாச்சி, இது 090. பிஸ்டன் வாங்கி வந்துவிட்டேன், போட்டுத் தந்தால் போதும்" என்றார். மூடியில் 090 என்றுதான் இருந்தது. சிலிண்டரைக் கழற்றி வெர்னியரை வைத்தேன். துளை 58 மில்லிமீட்டர். அவர் கையில் இருந்ததோ 66 மில்லிமீட்டர் பிஸ்டன். ஸ்டில் என்ற ஜெர்மன் கம்பெனியின் 070-க்குத் துளை 58, 090-க்கு 66. இரண்டுக்கும் பிஸ்டன் ஓட்டம் ஒரே 40 மில்லிமீட்டர். முன்னது ஏறத்தாழ 106 சிசி, பின்னது 137 சிசி. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி, உள்ளே ஒருவர் சட்டை மற்றவருக்குச் சேராது. வாங்கிய கடையில் அந்தப் பிஸ்டனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே கீழிருந்து தொடங்குங்கள். டீசலும் பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை எடுத்தால் வார்ப்பில் எழுந்து நிற்கும் எண்கள் தெரியும். அது பெரும்பாலும் மாடல் எண் அல்ல, அந்தப் பாகத்தின் எண். ஸ்டில்லில் பாக எண் பதினொரு இலக்கம். அதில் முதல் நான்கும் வம்சத்தைச் சொல்லும்: 1106 என்றால் 070, 090 குடும்பம், 1108 என்றால் 08, 1110 என்றால் 041, 1111 என்றால் 051. ஒரே மெஷினில் ஒரு மூடியில் ஒரு வம்சமும் மறு மூடியில் வேறொன்றும் இருந்தால், அது இரண்டு மூன்று மெஷின்களைப் பிரித்துக் கட்டியது. அதில் தவறில்லை, ஆனால் எதற்கு எந்தப் பாகம் வாங்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தை அளக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் துளை வழியே பிஸ்டன் தலையில் நிறுத்தி, கயிற்றை மெல்ல இழுங்கள். கம்பி ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ ஓட்டம். பிளக் சாய்ந்திருக்கும் மெஷினில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகும். துளையை அளக்க மட்டும் சிலிண்டரைத் தூக்கியே ஆக வேண்டும்.

எவ்வளவு பழையது என்று சொல்ல முடியுமா?

ஆண்டைத் துல்லியமாகச் சொல்வது கடினம், காலத்தைச் சொல்லலாம். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தோடு தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு டோல்மார் பெட்ரோல் மெஷினைக் கொண்டுவந்தது. டோல்மார் என்பது ஜெர்மனியில் அதைச் சோதித்துப் பார்த்த மலையின் பெயர். அவையெல்லாம் இரண்டு பேர் தூக்கும் யானைகள், நம் பட்டறைக்கு வராது.

நமக்கு உதவும் கோடு 1959. அந்த ஆண்டு ஸ்டில்லின் கான்ட்ரா என்ற மெஷின் வந்தது. எஞ்சினிலிருந்து கியர் பெட்டி இல்லாமல் நேரே கிளட்ச் வழியாகச் செயினைச் சுழற்றியது. சுவீடன் கம்பெனி ஹஸ்க்வர்னாவின் முதல் செயின் ரம்பமும் அதே 1959-தான். 070-உம் 090-உம் கான்ட்ராவின் வழிவந்தவை. உங்கள் மெஷினில் கியர் பெட்டி இருந்தால், அதாவது கிராங்க் ஒரு வேகத்திலும் செயின் சக்கரம் வேறொரு வேகத்திலும் சுற்றினால், அது பழைய வழியில் செய்தது. கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் இல்லாமல் நேரே போல்ட் முடுக்கியிருந்தால் 1960-களின் வடிவம். முன்கைக்கு எதிரே செயின் பிரேக் தகடு இருந்தால் 1970-களிலோ அதற்குப் பிறகோ வந்த வடிவம். வடிவம்தான், தயாரித்த ஆண்டு அல்ல. 070 வகை வடிவம் மாறாமல் பல பத்தாண்டுகள் ஓடியது.

"வெஸ்ட் ஜெர்மனி" என்று வார்ப்பில் இருந்தால் அந்தப் பாகம் 1990-க்கு முந்தையது. அந்த நாடே அதன் பிறகு இல்லை.

ஒரிஜினலா, காப்பியா?

பிரேசில் என்று போட்டிருந்தால் காப்பி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். தவறு. ஸ்டில்லுக்கு 1973 முதல் பிரேசிலில் சொந்தத் தொழிற்சாலை உண்டு.

காப்பியை நான் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். வார்ப்பின் ஓரங்களில் பிசிறு அப்படியே இருக்கும். சைலன்சர் தகடு மெல்லியது. திருகுகளின் தலை முதல் முறை கழற்றும்போதே வழுக்கும். தொடர் எண் ஒவ்வொரு எழுத்தாக அடித்ததுபோல் இல்லாமல் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மரை மணல் அரைப்பதுபோல் உறுத்தும்.

காப்பியைக் கேவலமாகப் பேசவும் எனக்கு மனமில்லை. 070-க்கு இவ்வளவு காப்பி வந்ததால்தான் இன்றும் அதன் பாகம் சந்தையில் கிடைக்கிறது. காப்பி பிறக்காத பழைய மெஷின்கள், உதாரணமாக மெக்கல்லக், ஹோம்லைட், பார்ட்னர், எஸ்டேட் கொட்டகைகளிலிருந்து எப்போதாவது வெளிவரும். பார்க்க அழகாக இருக்கும், பிஸ்டன் ரிங் ஒன்றுக்கு நாய் படாத பாடு பட வேண்டும்.

வருடக்கணக்கில் கிடந்தது. கயிறு இழுபடவே இல்லை.

இழுக்காதீர்கள். கயிறும் அறுந்து, ஸ்பிரிங்கும் போய்விடும். ஸ்டார்ட்டர் மூடியை நான்கு திருகு கழற்றித் தனியே எடுங்கள். இப்போதும் கயிறு வராவிட்டால் குற்றம் ஸ்டார்ட்டரில், எஞ்சினில் இல்லை. கயிறு வந்து, ஃபிளைவீலைக் கையால் திருப்பியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். புகைவாய் வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். மேலிருந்து கீழாகக் கீறல், ஈயம் இழுகியதுபோல் பூச்சு என்றால் பிடித்துப்போன பிஸ்டன். சுத்தமாக இருந்து செம்மண் நிறம் தெரிந்தால் துரு.

துருவுக்கு டீசலும் 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயிலும் சரிபாதி கலந்து பிளக் துளையில் ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு ஃபிளைவீல் நட்டைப் பிடித்து முடுக்கும் திசையில் மட்டும் சிறிது சிறிதாக அசையுங்கள். பிளக் துளையில் கம்பி விட்டுச் சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வருவார்கள்.

சைலன்சரைக் கழற்றிய கையோடு அதன் உள்ளேயும் பாருங்கள். கொட்டகையில் தொங்கிய மெஷினில் குளவி கூடு கட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒருமுறை அரைநாள் கார்ப்பரேட்டரை நோண்டிவிட்டு, கடைசியில் புகைப்போக்கியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தேன். அன்று கூலி கேட்க வாய் வரவில்லை.

இழுக்கிறது, ஆனால் பற்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அழுத்தம், பொறி, பெட்ரோல். இந்த வரிசையில்.

அழுத்தத்துக்கு கேஜ் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. மெஷினைத் தரையில் வைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெல்லத் தூக்குங்கள். நல்ல எஞ்சின் கயிற்றில் தொங்கும், ஒரு மூச்சு விட்டு ஒரு சுற்று இறங்கும், மறுபடி நிற்கும். கிணற்று வாளிபோல் விடாமல் இறங்கினால் ரிங் தேய்ந்தது. கேஜ் இருந்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் நிம்மதி, 90-க்குக் கீழே வேறு எதைச் செய்தும் பயனில்லை.

பொறிக்கு வருவோம். பழைய மெஷின்களில் பொறியை வரவழைக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட், அதைக் கருகாமல் காக்கும் கண்டன்சர் என்ற முறை. ஃபிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்தால் பாயிண்டில் பாசிபோல் ஒரு படலம் படியும். மிக நைசான தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு எண்ணெய்ப் பசை இல்லாத துணியால் துடைப்பு. முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், கனமான விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு போகும் அளவு. பிளக் இடைவெளி 0.5. பாயிண்ட் கருகிக் கருகிப் போனால் கண்டன்சர் செத்திருக்கிறது. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். பழமை கெடும் என்று வருந்துகிறவர்கள் பழைய பாயிண்டைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளட்டும்.

பெட்ரோல் போகிறதா என்பதை பிளக் சொல்லும். பத்து இழுப்புக்குப் பின்னும் பிளக் நுனி காய்ந்திருந்தால் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரம், வடிகட்டி, டியூப், டேங்கின் காற்றுத் துளை. டயாபிரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மாட்டுத் தோல்போல் விறைத்து, மடக்கினால் சரசரவென்றால் அதன் ஆயுள் முடிந்தது.

பெட்ரோலும் ஆயிலும் என்ன கணக்கு?

பழைய மெஷினுக்கு நான் 1:25 சொல்கிறேன், லிட்டருக்கு 40 மில்லி. 1:50 என்று ஆயில் டப்பாவில் போட்டிருப்பது நல்ல ஆயிலுக்கும் புதிய மெஷினுக்கும். கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்து பாட்டில் மூடியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்து விறைக்க வைக்கும். நம்பாதவர்களுக்கு ஒரு விளையாட்டு காட்டுவேன்: கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோல், அதில் 10 மில்லி தண்ணீர். குலுக்கி வைத்தால் அடியில் நிற்கும் 10 மில்லி தண்ணீர் 30-க்குக் கிட்டே ஏறியிருக்கும். எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிட்டது. இப்படியே கழுவி ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், ஆக்டேன் குறையும், தண்ணீர் மிச்சமிருக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். அதுவே போதும்.

பிஸ்டன் மாற்றினேன். ஒரே மாதத்தில் மறுபடி கீறிவிட்டது. போட்ட பிஸ்டன் மட்டமா?

இருக்கலாம். ஆனால் பத்தில் எட்டு முறை பிஸ்டன் நிரபராதி. எங்கோ காற்று கசிகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. கிராங்க் தண்டின் முனைகளை அடைக்கும் வளையமான சீல் வழியாகத் திருட்டுக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது, கூடவே எண்ணெயும் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிஸ்டன் உருகிச் சுவரில் ஒட்டுகிறது. இறப்பதற்கு முந்தைய வாரம் மெஷின் இதைச் சொல்லியிருக்கும்: கையை எடுத்தாலும் வேகம் தணியாமல் இரையும். "வண்டி நன்றாக இழுக்கிறது" என்று அப்போது சந்தோஷப்படுவார்கள்.

சோதனை இப்படி. சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் டியூப் துண்டை வாயில் வைத்துச் சைலன்சரையே மேலே முடுக்கி அடையுங்கள். பிளக் இருக்கட்டும். கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் ஒரு தகடும் டியூப் மவுத்தும் வைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடியுங்கள். 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலே பிதுங்கும். இப்போது சோப்பு நுரையை ஃபிளைவீல் பக்கம், கிளட்ச் பக்கம், சிலிண்டர் அடிப் பேக்கிங், கார்ப்பரேட்டர் இணைப்பு என்று தடவுங்கள். எங்கே குமிழ் பூக்கிறதோ அங்கேதான் உங்கள் பழைய பிஸ்டனைக் கொன்றவன் இருக்கிறான். அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு உறிஞ்சலில் விடும் சீலும் உண்டு, ஆகவே முடிந்தால் வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள்.

கிளட்சைக் கழற்ற வேண்டி வந்தால், பெரும்பாலான மெஷின்களில் அது இடமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டனைத் தடுக்கப் பிளக் துளை வழியே நைலான் கயிற்றைச் சுருட்டி விடுங்கள், பிஸ்டன் புகைவாயைத் தாண்டி மேலே வந்த பிறகு. முன்னதாக விட்டால் கயிறு வாயில் மாட்டி நறுக்கப்படும்.

சிலிண்டர் கீறியதாகத் தெரிவது பல சமயம் வெறும் ஒட்டிய அலுமினியம். உள்பூச்சு நன்றாக இருந்தால் அதை எடுத்துவிடலாம், சிலிண்டர் பிழைக்கும். நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் பள்ளத்தில் விழுந்தால் விட்டுவிடுங்கள், மேடு தட்டினால் நம்பிக்கை உண்டு. ஆசிட்டை விட்டு எடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பூச்சு உரிந்த இடத்தில் அந்த ஆசிட் சிலிண்டரையே தின்னும். நான் பொறுமையாக மணல் தாள் போடுகிறேன்.

விரிசல் விட்ட உடலை வெல்டிங் வைக்கலாமா?

முதலில் ஒரு ஓரத்தைச் சுரண்டி வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம். அதைச் சாதாரண வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள். பொடியும் சீவலும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, இன்னும் கொழுந்துவிடும். வேறு உடல் தேடுவதே மேல்.

செயின் எந்த அளவு என்று கடைக்காரருக்கு எப்படிச் சொல்வது?

அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நடுப்புள்ளிகளை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கு 20.5 மில்லிமீட்டர் வந்தால் 0.404 இன்ச் செயின், 19 வந்தால் எட்டில் மூன்று (3/8) இன்ச், 16.5 வந்தால் 0.325. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்குள் ஓடும் பல்லின் கனம் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டரில் ஒன்று. அந்தப் பற்களின் எண்ணிக்கையையும் எண்ணிக்கொள்ளுங்கள். பிட்ச், கனம், எண்ணிக்கை. பார் இத்தனை இன்ச் என்று மட்டும் சொல்லி வாங்கிய செயின் வீட்டுக் கொக்கியில்தான் தொங்கும். பார், செயின், செயின் சக்கரமான ஸ்ப்ராக்கெட் மூன்றுக்கும் பிட்ச் ஒன்றாக இருக்க வேண்டும்.

அரம் 0.404-க்கு 5.5 மில்லிமீட்டர், எட்டில் மூன்றுக்கு 5.2, 0.325-க்கு 4.8. இன்று நாம் தீட்டும் இந்தக் கொக்கிப் பல்லை அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1940-களில் வடிவமைத்தார். மரத்தைத் துளைக்கும் புழுவின் தாடை இடமும் வலமுமாகக் கடிப்பதைப் பார்த்துச் செய்தது.

ரப்பர் அறுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்காகத் தொடங்கிய தோட்டம் உட்பட, குளத்தூப்புழைச் சுற்றில் வயதான ரப்பரை வெட்டி மறுநடவு செய்யும் வேலை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ரப்பர் பால், செயின் ரிவெட்டில் உறைந்தால் செயின் விறைத்து வளையாது. சாயங்காலம் செயினைக் கழற்றி டீசலில் போடுங்கள். காலையில் பல்லைத் தீட்டுகிறவர்கள் முன்னால் நிற்கும் ஆழம் காட்டும் மேட்டை மறந்துவிடுகிறார்கள். அதுவும் இறங்க வேண்டும், 0.404-க்குப் பல்லைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்வாக.

பாகம் எங்கே தேடுவது?

பாதிப் பாகத்துக்கு மெஷின் கடைக்கே போக வேண்டாம். பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கிறது, எந்தப் பேரிங் கடையிலும் அதே எண் கிடைக்கும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் எழுதிக்கொண்டு சீல் கடைக்குப் போங்கள். பேக்கிங்கைத் தாள் வாங்கி வெட்டலாம். டயாபிரத்தை மட்டும் வெட்டிச் செய்ய முயலாதீர்கள். மீன் தொட்டி டியூபைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள், பத்து நாளில் கண்ணாடிபோல் நொறுங்கும்.

சொந்த வார்ப்புப் பாகங்களுக்குச் செத்த மெஷின்தான் சுரங்கம். நம் பக்கம் காயலான் கடை, மலைக்கு அந்தப் பக்கம் ஆக்ரிக் கடை. இரண்டிலும் சொல்லி வையுங்கள், போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் சொன்னால் தலையாட்டுவார்கள், பொருளைக் காட்டினால் எடுத்துப் போடுவார்கள். உடைந்த மெஷினை விற்கும்முன் கிராங்க், ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் மூடி மூன்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு விலைக்கு அவை போகக் கூடாது.

செயின் பிரேக் இல்லாத மெஷினை ஓட்டலாமா?

ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும், 070-ஐ நிறுத்த எந்தத் தோளுக்கும் வலு போதாது. தரையில் கிடக்கும் தடியை நேரே துண்டு போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளை கழிக்கவும் மரத்தில் ஏறி அறுக்கவும் பிரேக் உள்ள புதிய சிறிய மெஷின் எடுங்கள். ரப்பர் தாங்கல் இல்லாத மெஷினைத் தொடர்ந்து பிடித்தால் குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். எனக்கு இடது கையில் இரண்டு விரல்கள் அப்படித்தான்.

சாரல் காலத்தில் எப்படி எடுத்து வைப்பது?

ஜூனில் சாரல் தொடங்கினால் அறுப்பு படுத்துவிடும். டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிஸ்டன் மேலே நிற்கும்படி விட்டுப் பிளக்கை மாட்டுங்கள். செயின் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக. புகைப்போக்கி வாயில் ஒரு துணிப் பந்து, குளவிக்காக. அதில் சிவப்பு நூல் ஒன்று நீளமாகத் தொங்கட்டும், இல்லாவிட்டால் ஓணத்துக்குப் பிறகு அந்தத் துணியோடேயே இழுத்துவிட்டு, பற்றவில்லை என்று என்னிடம் வருவீர்கள்.